வாங்கலாமா என்று கேட்டவர்

லிஃப்ட் மெக்கானிக் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். கடையில் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, “இது வாங்கலாமா?” என்று கேட்டுவிட்டார். கண்டதையும் கேட்டுக்கொண்டு திரிகிற ஆளில்லை அவர். நாள் முழுக்க லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று கம்பிவடத்துக்கு எண்ணெய் போடுகிற மனிதருக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? ஆனாலும் அன்றைக்குக் கேட்டுவிட்டார்.

கேட்டதற்குக் காரணம் மகள். ஒன்பது வயது. பள்ளிப் படிக்கட்டில் கடைசி மூன்று படிகளை ஒரே தாவில் தாண்டப் போய்க் கால் எலும்பை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. மைத்துனன் கொடுத்துவிட்டுப் போன பழைய கேம் கன்சோல் வீட்டில் சும்மா கிடந்தது. அதில் போட ஏதாவது வேண்டும். கடையில் இருந்தது அந்தப் பெட்டி. முன்பெல்லாம் தனித்தனியாக டவுன்லோட் செய்ய வேண்டியிருந்த எட்டுச் சின்னச் சின்ன கேம்களை ஒரே டிஸ்க்கில் போட்டு, புது கேம் விலையில் கால்வாசிக்குக் கொடுத்தார்கள். வீட்டு இன்டர்நெட் ஆமை வேகம் என்பதால் டிஸ்க் வசதிதான். ஆனால் இவ்வளவு மலிவாக இருக்கிறதே, உள்ளே என்ன குப்பையைப் போட்டு வைத்திருக்கிறார்களோ என்று ஒரு சின்னச் சந்தேகம்.

கடைக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. “சார், வாய் தவறிக் கேட்டீங்களா, இல்ல நெஜமாவே கேட்டீங்களா?”

“நெஜமாத்தான். வாங்கலாமா, வேணாமா?”

“ரெண்டு தடவ கேட்டுட்டீங்களே சார்.” கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீலப் புத்தகத்தை எடுத்தார். “ஒரு தடவன்னா காதுல விழலன்னு விட்டிருப்பேன். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. நான் உங்கள எழுதலன்னா அவங்க என்னை எழுதிக் குடுப்பாங்க. பேசாம வாங்கிட்டுப் போயிருந்தா ஒரு தொல்லையும் இல்ல.”

“சரி, இப்ப வாங்கிக்கிறேன். குடுங்க.”

“இனிமே முடியாது சார். கேள்வி பதிவாயிடுச்சு. பதில் வர்ற வரைக்கும் உங்களுக்கு இத விக்கக் கூடாது. எதிர்த்தாப்புல பயன்மதிப்பு வாரியம் இருக்கு பாருங்க, மூணாவது மாடி. பத்து நிமிஷ வேலைதான்.”

இதைச் சொல்லும்போது கடைக்காரர் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

வாரியத்தின் லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக்கின் கண் வழக்கம்போல் பட்டன்களுக்குப் போனது. நல்ல லிஃப்ட், ஒழுங்காகப் பராமரிக்கிறார்கள். ஆனால் மூன்று என்ற பட்டன் தேய்ந்து தேய்ந்து எண்ணே அழிந்திருந்தது. தரைத்தளத்துப் பட்டனோ பெட்டியிலிருந்து அன்றுதான் எடுத்துப் பொருத்தியதுபோல் பளபளவென்று இருந்தது. இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு லிஃப்டை அவர் பார்த்ததில்லை. பத்து நிமிட வேலைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மேலே வரவேற்பில் இருந்த பெண் சிரித்த முகமாக அவருடைய போனை வாங்கி ஓர் உறையில் போட்டு ஒட்டினாள். பிறகு இடுக்கி மாதிரி ஒரு கருவியால் அவருடைய வலது கட்டைவிரலின் நீளம், அகலம், நுனியின் தடிமன் எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டாள்.

“இது எதுக்கும்மா?”

“போகும்போது எவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கணும் சார். விதி.”

துணை ஆய்வாளரின் அறையில் சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் கோப்பு. அவர் எழுந்து நின்று கைகுலுக்கினார். குரல் அவ்வளவு இனிமை. வாரியம் எதற்காக இருக்கிறது என்பதைக் கேட்காமலே சொன்னார்.

“முன்னாடியெல்லாம் ஜனங்க கண்டதையும் வாங்கி ஏமாந்தாங்க. இப்ப யாரும் ஏமாறுறதில்ல. ஏன்னா கேள்வி கேட்டவங்க யாரும் வாங்கறதில்ல. பதினோரு வருஷத்துல எங்க தீர்ப்பு ஒண்ணுகூடத் தப்பானதில்ல சார்.”

“எத்தன தீர்ப்பு குடுத்திருக்கீங்க?”

“இன்னும் ஒண்ணும் குடுக்கல. அவசரப்பட்டாத்தான தப்பு வரும்?”

விஷயம் இதுதான். ஒரு பொருள் வாங்கத் தகுந்ததா என்று வாரியம் தானாக முடிவு செய்யாது. கேட்டவரே அதை முழுக்க அனுபவித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். எட்டு கேம் என்றால் எட்டையும் முடிக்க வேண்டும். முடித்தபின் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், வீட்டுக்குப் போகலாம்.

“வீட்டுக்குப் போய் விளையாடிட்டு நாளைக்கு வந்து சொல்றேனே?”

“அய்யோ, வீட்டுல இருக்கறவங்க அபிப்பிராயம் சொல்லிடுவாங்க சார். பதில் கலப்படமாயிடும். இங்கயே படுக்கை, சாப்பாடு எல்லாம் இருக்கு. லிஃப்ட் கீழ போறதுக்குத் தலைவர்கிட்ட சாவி இருக்கு. மாடிப்படிக் கதவு தீப்பிடிச்சா மட்டும் திறக்கும்.” துணை ஆய்வாளர் புன்னகைத்தார். “இதுவரைக்கும் தீப்பிடிச்சதில்ல.”

முதல் கேமில் லாரியில் பெட்டிகளை அடுக்க வேண்டும். அதை அவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். முடித்ததும் கையில் படிவத்தைக் கொடுத்தார்கள்: பதினாறு பக்கம். சிரித்தீரா, எத்தனை முறை, பல் தெரிந்ததா, சாட்சி யார். சாட்சிக்கு ஆள் இருந்தார். சிரிப்பு எழுத்தர் என்று பதவி. மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே நாற்காலி போட்டு, மடியில் நோட்டோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதன் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வருமா?

மூன்றாவது கேமில் கூரையில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்க வேண்டும். அது இறங்குகிற நேரம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. மெக்கானிக்கின் உதடு லேசாக ஒருபுறம் இழுத்துக்கொண்டது. எழுத்தர் துள்ளி எழுந்தார்.

“சார், இப்ப நீங்க பண்ணது சிரிப்பா, உதட்டு அசைவா?”

“தெரியலையே. பூனை விழுந்துச்சு, அதான்.”

தெரியவில்லை என்பது பதிலில்லை. மூவர் குழு கூடியது. அவரை நடுவில் நிற்க வைத்து, “அதே மாதிரி இன்னொரு தடவ பண்ணிக் காட்டுங்க” என்றார்கள். காட்டினார். இடப்பக்கம் போதவில்லை என்றார் ஒருவர். அன்றைக்கு மனசார வந்தது, இன்றைக்கு வரவழைத்தது என்றார் இன்னொருவர். ஒன்பது நாள் அவர் உதட்டை இழுத்துக் காட்டினார். பத்தாம் நாள், அது “சிரிப்பாக மாற வாய்ப்பிருந்த அசைவு” என்று தீர்மானமாயிற்று. அதற்குள் அவருக்கு வாய்க்கோடியில் ஒரு துடிப்பு நிரந்தரமாக வந்துவிட்டது.

இப்படியாக ஏழு கேம் முடிவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது.

வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, மூன்று நிமிடம் வீட்டுக்குப் பேசலாம். மனைவி முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் திட்டினாள். மூன்றாம் வாரம் அவள் குரலில் இரண்டும் இல்லை, அதுதான் அவரை உலுக்கியது.

“உங்க கம்பெனியில வேற ஆள போட்டுட்டாங்க. பாப்பாவுக்கு வர்ற மாசம் மூணாம் தேதி, வியாழக்கிழம, கட்டுப் பிரிக்கிறாங்க. அந்த மிஷின நெனச்சு இப்பவே பயப்படுறா. நீங்க பக்கத்துல நிக்கிறேன்னு சொல்லியிருக்கீங்களாமே?”

சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட அன்றே, அதை வெட்டிப் பிரிக்கிற சின்ன ரம்பத்தைப் பார்த்துவிட்டு மகள் வீறிட்டு அழுதாள். “அப்பா மிஷின் ஆளு இல்லயா? பக்கத்துலயே நின்னு கையப் பிடிச்சுக்கிறேன். உன்னை ஒண்ணும் பண்ண விடமாட்டேன்” என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாழ்க்கையில் அவர் அதிகம் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்த ஒன்றிரண்டைக் காப்பாற்றியிருக்கிறார்.

எட்டாவது கேமுக்கு அவரை வேறோர் அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத நீளமான அறை. அதில் ஏற்கெனவே இரண்டு பேர் ஆளுக்கொரு திரையின் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தையல்காரம்மா, அதே பெட்டியைப் பற்றிக் கேட்டவர், வந்து நான்கு வருடமாகிறது. மற்றவர் பெயரை யாரும் கேட்பதில்லை, பதினொன்று என்றே கூப்பிடுவார்கள். வாரியம் திறந்த வருடமே வந்தவர். இரண்டு பேர் திரையிலும் ஒரே படம்: இருட்டில் ஒரு விளக்கு.

கேமில் வேறு எதுவுமே கிடையாது. கன்ட்ரோலரில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் விளக்கு எரியும். விரலைத் தளர்த்தினால் சுடர் சுருங்கும். எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்று திரை சொல்லவில்லை. பெட்டிக்குள் இருந்த விளக்கக் காகிதத்தை, படித்தால் கேட்டவரின் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று வாரியம் முதல் நாளே எடுத்து முத்திரை வைத்து அலமாரியில் பூட்டிவிட்டது. அதற்குப் பதிலாகச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது: விளக்கு அணைந்தால் தோல்வி. தோற்றவர் முதல் விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினாறு பக்கம், மூவர் குழு, உதட்டு அசைவு எல்லாம் மறுபடியும் என்று நினைத்ததுமே மெக்கானிக் பட்டனை இறுக அழுத்திக்கொண்டார்.

சாப்பிடவும் தூங்கவும் வாரியம் ஆள் கொடுத்தது. மாற்று விரல், இரண்டாம் நிலை. மாதச் சம்பளமும் வாரிசுக்கு வேலையும் உள்ள நிரந்தரப் பதவி. ஷிஃப்டுக்கு ஒருவர் வந்து, மணியடித்ததும் இவர் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை நுழைத்துப் பட்டனை வாங்கிக்கொள்வார். ஆனால் மாற்று விரல் அழுத்தும் நேரம் கணக்கில் வராது.

“பழகிடும் தம்பி,” என்றார் தையல்காரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “முதல் வருஷம்தான் கொஞ்சம் வலிக்கும்.”

“உங்க வீட்டுல யாரும் தேடலியாம்மா?”

“தேடினாங்க. பையன் கீழ வந்து, எங்கம்மா எப்ப வருவாங்கன்னு கேட்டானாம்.” அவர் சற்று நிறுத்தினார். “கேக்காதன்னு சொல்ல எனக்கு வழியில்லாமப் போச்சு. இப்ப ரெண்டாவது மாடியில இருக்கான்.”

மெக்கானிக் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் எதையும் கேட்கக் கூடாது என்று அவருக்கு மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு வந்தது. மனைவி கோபக்காரி. வீட்டிலிருந்து கிளம்பி நேராகக் கீழே வந்து, என் புருஷன் எங்கே என்று கேட்டுவிட்டால்? 

மூன்றாம் தேதிக்கு முந்தின நாள், புதன்கிழமை, போன் வந்தது. அன்று மாற்று விரல் விடுப்பு. ஆகவே ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, பட்டனை அழுத்தியபடியே பேசினார். மறுமுனையில் மகள்.

“அப்பா, நாளைக்கு வருவீங்கல்ல?”

“வர்றேன்டா.”

“அந்த மிஷின் என் காலையும் சேத்து வெட்டிடுச்சுன்னா?”

“வெட்டாதுடா. அப்பா சொல்றேன் கேளு. அந்த மாதிரி கைமிஷின்ல ஒரு பட்டன் இருக்கும். அத அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் மிஷின் ஓடும். அப்பா லிஃப்ட் மேல நின்னு வேல பார்க்கும்போதும் அப்படித்தான். அழுத்திக்கிட்டே இருந்தா லிஃப்ட் நகரும். மயக்கம் போட்டு விழுந்தாக்கூடக் கை பட்டன விட்டுடும், உடனே நின்னுடும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. விட்டா நிக்கணும்னுதான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கான். அழுத்துறது பெருசில்லடா, விடுறதுதான்...”

பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

“அப்பா? அப்பா?”

மெக்கானிக் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகம் வெளுத்து, நுனி சப்பையாகி, அது யாருடைய விரலோ போல் பட்டனின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. பலகையைப் பார்த்தார். பலகையை எழுதியது வாரியம். கேமைச் செய்தவன் அப்படி எங்கேயும் எழுதவில்லையே. தப்பானால் மறுபடி லாரி, மறுபடி பூனை, மகள் நாளைக்குத் தனியாகப் படுத்துக் கிடப்பாள். அழுத்திக்கொண்டே இருந்தாலும் அவள் தனியாகத்தான் கிடக்கப் போகிறாள்.

விரலை எடுத்துவிட்டார்.

சுடர் சுருங்கியது. ஒரு புள்ளியாயிற்று. அணைந்தது. திரை முழு இருட்டு. மெக்கானிக் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒன்பது, பத்து, பதினொன்று. திரையின் அடியில் ஒரு சாம்பல் கோடு தெரிந்தது. அது மெல்ல வெளுத்து மேலே ஏறியது. ஒரு மேஜை, அதன்மேல் அணைந்த விளக்கு, அதற்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பளீரென்று காலை. கீழே ஒரு வரி: பொழுது விடிந்து வெகுநேரமாகிறது.

அந்த ஜன்னலில்லாத அறைக்குள் அத்தனை வெளிச்சம் வந்தது அதுதான் முதல் தடவை.

“முடிஞ்சுபோச்சும்மா!” மெக்கானிக்குக் குரல் உடைந்தது. “கைய எடுத்தா முடிஞ்சுடுது! எடுங்கம்மா, எடுத்துப் பாருங்க!”

தையல்காரம்மா திரும்பவில்லை. அவருடைய கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. “உங்க மிஷின் கெட்டுப்போச்சு தம்பி.”

“இல்லம்மா, இங்க பாருங்களேன்!”

“பார்க்க மாட்டேன்.” அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரல் மட்டும் பட்டனில் இருந்தது. “கைய எடுத்தா முடியும்னா, நாலு வருஷமா நான் என்னத்தப் பண்ணிக்கிட்டிருந்தேன்? என் புள்ள எதுக்குக் கீழ் மாடியில கெடக்குறான்? அதெல்லாம் இங்க சொல்லாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சொல்லாதீங்க.”

பதினொன்று பட்டனிலிருந்து விரலை எடுக்காமலே எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மெக்கானிக்கின் திரை கண்ணில் படாதபடி உட்கார்ந்துகொண்டு, தன் விளக்கைப் பார்க்கத் தொடங்கினார்.

தலைவர் மறுநாள் காலை எட்டரை மணிக்கு வந்தார். நிதானமான மனிதர், வெள்ளைச் சட்டை. மேஜையின் மேல் முத்திரை உடைத்த ஒரு காகிதத்தை வைத்திருந்தார். விளக்கக் காகிதம்.

“படிச்சிருக்கேன்,” என்றார். “முதல் நாளே படிச்சேன். எட்டாவது விளையாட்டு, விரலை எடுத்ததும் முடியும்.”

“தெரிஞ்சுமா சார்? அப்ப அவங்ககிட்ட ஏன் சொல்லல?”

“அவங்க கேக்கலியே.”

“கேட்டா?”

“கேட்டா அது புதுக் கேள்வி. அதுக்குப் புது ரூம்.” தலைவர் காகிதத்தை அழகாக நான்காக மடித்தார். “தம்பி, எனக்கு அவங்க மேல கோபமா என்ன? இந்தக் கட்டடத்துல முந்நூறு பேர் வேல பார்க்கிறாங்க. மாற்று விரல் மட்டும் நாப்பது. வாங்கலாம்னோ வேணாம்னோ ஒரு வரியில பதில் வந்துட்டா, இவ்வளவு பேரும் எதுக்குன்னு யாராவது கேப்பாங்க. அப்படி ஒரு கேள்வி வந்தா அத விசாரிக்க இன்னும் முந்நூறு பேர் வேணும். ஊரு தாங்குமா?”

இரண்டு காகிதங்களை முன்னால் தள்ளினார். முதலாவது, முடித்துவிட்டேன் என்பது. அதில் கையெழுத்துப் போட்டால் அது நிஜம்தானா என்று விசாரணை நடக்கும், அதுவரை மெக்கானிக் இங்கேயே இருக்க வேண்டும். இரண்டாவது, கருவி பழுதானது, கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன் என்பது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது. மருத்துவமனையில் பத்தரைக்கு.

மெக்கானிக் இரண்டாவதில் கையெழுத்துப் போட்டார். உள்ளே கண்ணை மூடிக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் முகம் கையெழுத்தின் நடுவில் வந்து நின்றது. ஆனாலும் போட்டார்.

“நல்லது,” என்றார் தலைவர், சாவியை எடுத்துக்கொண்டே. “கேள்விய வாபஸ் வாங்கிட்டீங்க. கேக்குற பழக்கம் அப்படிப் போயிடாது பாருங்க. இந்த மாசத்துலேர்ந்து நீலப் புத்தகம் கடையில மட்டுமில்ல. பள்ளிக்கூடம், பஸ், ஆஸ்பத்திரி, எல்லா இடத்துலயும் குடுக்கிறோம். வீட்டுல சொல்லி வையுங்க.”

வரவேற்புப் பெண் சிரித்த முகமாக விரலை அளந்து எழுதிக்கொண்டாள். லிஃப்டில் அந்தப் பளபளப்பான பட்டனை அழுத்தினார். வெளியே வந்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மருத்துவமனை வராந்தாவில் நின்ற மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இளைத்து, தாடி வளர்ந்து, வாய்க்கோடி துடிக்க நின்ற புருஷனிடம் அவள் ஆயிரம் கேட்க வாயெடுத்தாள்.

“எதுவும் கேக்காத,” என்றார் அவர். அந்தக் குரலைக் கேட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே மகள் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவர் கை பட்டதுமே யார் என்று தெரிந்துகொண்டாள். கட்டுப் பிரிப்பவர் ரம்பத்தை ஓட விட்டார். பெரிய சத்தம். மெக்கானிக்கின் கண் ரம்பத்தைப் பிடித்திருந்த விரலின் மேலேயே இருந்தது. அந்த மனிதர் விரலை எடுத்தார், ரம்பம் நின்றது. மாவுக்கட்டு இரண்டு பாதியாகப் பிளந்து விழுந்தது. உள்ளே சூம்பின, வெளுத்த, முழுசான ஒரு சின்னக் கால்.

“வலிக்கவே இல்லப்பா!” மகள் சிரித்தாள். ஒரு மாதமாக அவர் பார்க்காத சிரிப்பு, பல் தெரிந்தது. “நீங்க சொன்ன மாதிரியே விட்டதும் நின்னுடுச்சு. அப்பா, அந்த எட்டு கேம் டிஸ்க் இருக்குல்ல, இனிமேயாவது அத வாங்க...”

மெக்கானிக் அவள் கையை இறுக்கினார். அவள் வாக்கியம் பாதியில் நின்றது.

கட்டுப் பிரிப்பவர் நிமிர்ந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டின் பையில் ஒரு நீல விளிம்பு தெரிந்தது. கை பேனாவுக்குப் போனது.

“பாப்பா என்னமோ கேட்டுச்சே?”

“இல்ல,” என்றார் மெக்கானிக். “ஒண்ணும் கேக்கல.”

பேனா பைக்குள் திரும்பவில்லை. கதவருகில் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா,” என்றாள் மகள், மெதுவாக. “எல்லாம் முடிஞ்சுபோச்சுப்பா. கைய விடுங்க, வலிக்குது.”

மெக்கானிக் விடவில்லை.